ஃபுசாயே குனிந்த காட்சி

எங்கள் வகுப்பிலிருந்து ஒருவர் சினிமாவில் நடிக்கப்போகிறார் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், அது நான்தான் என்று எழுந்து நின்றிருப்பேன். மூக்கு கொஞ்சம் ஒத்துழைத்திருந்தால் நடந்தும் இருக்கும். கடைசியில், அறுபத்தெட்டு வயதில், நடித்தது ஃபுசாயே.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் ஊரான ஒனோமிச்சியின் படிக்கட்டுச் சந்தில் படப்பிடிப்பு நடந்தது. தெருவில் நடமாட ஊர்க்காரர்கள் சிலரைக் கேட்டிருந்தார்கள். ஃபுசாயேயின் வேலை, காய்கறிப் பையோடு படி ஏறுவது. திருடனாக வரும் கதாநாயகன் மேலிருந்து ஓடி வந்து அவளை இடித்துவிட்டுப் போவான். அவள் பாட்டுக்கு நடக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் இடிபட்டவள் குனிந்து மன்னிப்புக் கேட்காமல் எப்படி நடப்பாள்? ஃபுசாயே குனிந்தாள்.

"குனியாதீங்கம்மா. அவன் திருடன்" என்றாராம் இயக்குநர்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி குனிந்தாள். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் திருடன் கீழே போயிருப்பான். குனிந்த குற்றத்துக்காக இயக்குநரிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். கடைசியில் வெளிச்சம் போய்விட்டது, மூட்டை கட்டிவிட்டார்கள்.

அதற்குள் அவள் பல் டாக்டர் உட்பட எல்லோரிடமும் சொல்லியாயிற்று. இப்போது படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கே வந்துவிட்டது. பாட்டியைத் திரையில் பார்க்க நாளைக் காலை ஒசாகாவிலிருந்து மகன், மருமகள், பேத்தி மூவரும் ரயிலேறுகிறார்கள். காட்சியை வெட்டியிருந்தால் என்ன செய்வது? எங்கள் இருவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு இன்றே பார்த்துவிடுவது, இல்லையென்றால் சாயங்காலமே காய்ச்சல் என்று போன் போட்டு அவர்களை நிறுத்திவிடுவது என்பது அவள் திட்டம்.

இருவர் என்றால் நானும் தொகிகோவும். தொகிகோ பள்ளியில் வகுப்புத் தலைவியாக இருந்தவள். அந்தப் பதவியை அவள் இன்னும் ராஜினாமா செய்யவில்லை.

முதலில் சாப்பாடு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வழக்கமான கடையில் விலாங்கு மீன் சோறு. ஃபுசாயே தன் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

"சாப்பிடுடி. மீன் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் தொகிகோ.

"இறங்கல. நான் இல்லன்னா எம் பேத்தி என்ன நினைப்பா? பாட்டி புளுகுறான்னு நினைக்க மாட்டாளா?"

"அப்ப அதை இந்தப் பக்கம் தள்ளு" என்றேன் நான். ஆறுதல் சொல்வதில் எனக்கு எப்போதுமே தனி முறை.

"டேய் ஷிகேயோ, ரெண்டு பெட்டி தின்னா நீ படத்துல தூங்கிடுவ" என்று தொகிகோ மறுபடியும் தன் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டாள்.

"நானா? ஃபுசாயே நடிச்ச படத்துலயா? என்னை என்னன்னு நினைச்ச?"

என்னை என்னவென்று நினைத்தாளோ அது சரிதான். தியேட்டரில் விளக்கு அணைந்தது. கதாநாயகனுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மழை பெய்தது, யாரோ ஜன்னலைப் பார்த்தார்கள். இரண்டு பெட்டி விலாங்கும் எனக்குள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு படுத்தன. நானும் படுத்தேன்.

குபீரென்று எழுந்த சிரிப்பில்தான் விழித்தேன். தியேட்டரே சிரித்துக்கொண்டிருந்தது. திரையில் காலியான படிக்கட்டு.

"என்ன ஆச்சு? வந்துட்டியா?" என்று கிசுகிசுத்தேன்.

ஃபுசாயே இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்தியிருந்தாள். "தெரியலையே. படிக்கட்டு வந்ததும் பயத்துல மூடிக்கிட்டேன். நீ பாத்திருப்பேன்னு இருந்தேன்."

தொகிகோவின் இருக்கை காலி. கடையில் அத்தனை கோப்பை தேநீர் குடித்தவள் எங்கே போயிருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் கேட்டாள், "ஏன் எல்லாரும் சிரிச்சாங்க?"

படம் முடிந்தது. பெயர்கள் ஓடி முடிகிறவரை வழக்கம்போல ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சமையல்காரர், வேன் ஓட்டியவர் என்று எல்லோர் பெயரும் வந்தது. கடைசியில் 'ஒத்துழைத்த ஊர் மக்களுக்கு நன்றி'.

"நன்றின்னு போட்டா வெட்டலன்னு அர்த்தமா?" என்று கேட்டாள் ஃபுசாயே.

"வெட்டியிருந்தாலும் நன்றி சொல்வாங்கடி. நம்ம ஆளுங்கதானே" என்றாள் தொகிகோ.

டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டுவிடலாம் என்றேன். "படத்துல நான் இருக்கேனான்னு நானே போய்க் கேட்கணுமா? அதுக்குக் கடல்ல குதிப்பேன்" என்று ஃபுசாயே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள். "காய்ச்சல்னு சொல்லிடறேன். சிரிச்சாங்கன்னா வேற ஏதோ காட்சியா இருக்கும். அது நானா இருந்தா இன்னும் மோசம்."

தொகிகோ கைப்பேசியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "அடுத்த காட்சிக்கு மூணு டிக்கெட் வாங்கு ஷிகேயோ. யாருக்கும் தேநீர் கிடையாது. நீ தூங்கினா கிள்ளுவேன். ஃபுசாயே, நீ கண்ணை மூடினா நானே திறப்பேன்."

மறுபடி அதே அம்மா, அதே மழை. நான் தொகிகோவுக்கு வேலை வைக்காமல் என் தொடையை நானே கிள்ளிக்கொண்டேன். படிக்கட்டு வந்தது. மேலே திருடன் ஓடி வரும் காலடிச் சத்தம்.

பக்கத்தில் ஃபுசாயே மூச்சு விடவில்லை. என்ன ஆயிற்றோ என்று திரும்பினேன். தொகிகோ அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து மடியில் அழுத்தியிருந்தாள். திரையின் வெளிச்சம் ஃபுசாயேயின் முகத்தில் விழுந்தது. அகலத் திறந்த கண்கள். பிறகு வாய் மெல்லத் திறந்தது. பரீட்சை முடிவுகள் ஒட்டிய பலகையில் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த நாளில் அவள் முகம் இப்படித்தான் இருந்தது. அதே நொடியில் தியேட்டர் வெடித்துச் சிரித்தது.

"அவனும் குனிஞ்சான்டி!" தொகிகோ கத்தியேவிட்டாள். "திருட்டு நகையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு, ஓடுறவன் நின்னு உனக்குக் குனிஞ்சுட்டு ஓடுறான்!"

சினிமாத் தியேட்டரில் இருமக்கூட யோசிக்கிற ஊர் எங்களுடையது. முன்வரிசையில் ஒரு அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள். ஃபுசாயே உடனே இருக்கையில் இருந்தபடியே குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாளின் சுளிப்பு அப்படியே நின்றது. திரையைப் பார்த்தாள், ஃபுசாயேயைப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அவளும் குனிந்தாள்.

"என்னைப் பாத்தா சிரிச்சாங்க?" வெளியே வந்ததும் ஃபுசாயே கேட்டாள். மூக்கு சிவந்திருந்தது.

"அவனைப் பாத்துச் சிரிச்சாங்க. உன்னைப் பிடிச்சிருந்துச்சு அவங்களுக்கு. ரெண்டும் வேற" என்று சொல்லித் தொகிகோ கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஃபுசாயே மகனை அழைத்தாள். "நாளைக்குச் சீக்கிரம் வாங்க. குழந்தைக்கு நடு சீட்டா வாங்கணும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஷிகேயோ, நீ உண்மையைச் சொல்லு. எப்படி இருந்தேன்?"

"கதாநாயகனை விட நல்லா" என்றேன்.

அது உண்மைதான். ஆனால் நான் பார்த்தது திரையில் இல்லை.

"அப்ப நாளைக்கு நீயும் வா. பேத்திக்குப் பக்கத்துல உட்காரலாம்."

"மூணாவது தடவையா? இவன் எதுக்கு வரணும்?" என்றாள் தொகிகோ.

வருகிறேன் என்று அவள் முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டேன் போல. தொகிகோ கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்க்க ஆரம்பித்தாள்.