முப்பத்தொரு ஸ்லைடு

பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே ஏழு பேர். அந்த வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாமா என்று நிர்வாகம் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தது. கமிட்டி முன்னால் வந்து அவள் பக்கத்தைச் சொல்லக் கால் மணி நேரம் கொடுத்திருந்தார்கள். எட்டுப் பேர் பிழைப்பு அந்தக் கால் மணி நேரத்தில் இருந்தது. இதையெல்லாம் நான் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் சுவர் அவ்வளவு மெல்லிசு.

ஸ்லைடு தயாரித்துக் கொடுத்தது அவளுடைய கொழுந்தன். எங்கள் மாடியில் அவனுக்கு 'நிபுணர்' என்று பேர், வைத்தது நான்தான். புது லேப்டாப், புது சாஃப்ட்வேர். ஒரு வாரமாக அவள் அதை வைத்து ஒத்திகை பார்த்தாள். அழுக்குத் துணியை வகை பிரித்துப் போடும் வண்ணப் பைகளைப் பற்றித்தான் பேச்சு. "இப்போ நீலப் பை உருண்டு வரும்... வந்தாச்சு. இப்போ மஞ்சள்..." பை வரும்வரை காத்திருந்து பேசுவாள். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் ஆஸ்பத்திரி ஆபீசிலிருந்து அவளுக்குப் போன். சொந்த லேப்டாப் கூடாதாம், பென் டிரைவ் மட்டும் போதுமாம். ஹாலில் இருப்பது ஆதிகாலத்துக் கம்ப்யூட்டர். அந்தப் பேச்சு வந்ததும் அவளுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது.

"அக்கா, உங்க பழைய கம்ப்யூட்டர் டப்பா இன்னும் ஓடுதா?"

பழசுதான், ஆனால் டப்பா என்பது கொஞ்சம் ஜாஸ்தி. இருந்தாலும் உள்ளே கூப்பிட்டேன். என்ன ஆகிறதென்று பார்க்காமல் எப்படி?

பென் டிரைவைச் செருகினான் நிபுணர். 'இந்தக் கோப்பு புதிய பதிப்பில் உருவாக்கப்பட்டது' என்று ஓர் எச்சரிக்கை வந்தது. படிக்காமலே மூடினான். நாலாவது ஸ்லைடில் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய ஐந்து வண்ணப் பைகளும், வீடு காலி பண்ணும்போது வாசலில் போட்ட மூட்டை மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. எத்தனை போர்வை தொலையாமல் மிச்சமானது என்று காட்டும் படம் இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

"என் லேப்டாப்ல நல்லாத்தானே ஓடுது அண்ணி."

"உன் லேப்டாப்பையா அங்கே வேலைக்கு வெச்சுக்கப் போறாங்க?"

பழைய வெர்ஷனில் சேமித்துக் கொண்டுவந்தான். மூட்டை அப்படியே கிடந்தது. கட்டங்கள் மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தன. அவள் முகம் வெளுத்துவிட்டது. நானும் அதற்குமேல் கிண்டல் பண்ணவில்லை.

பிறகு வேலை இடத்துக் குரலில் சொன்னாள்: "எல்லாத்தையும் ஒரே மெஷின்ல போட்டா சாயம் ஒட்டத்தான் செய்யும். பிரிச்சுப் போடு. ஒரு பைக்கு ஒரு ஸ்லைடு."

"அனிமேஷன்?"

"வேண்டாம்."

"எழுத்து?"

"உன் லேப்டாப்ல எழுத்து சரியா தெரியுதுல்ல? அதை அப்படியே போட்டோ பிடிச்சு ஒட்டு."

"அப்புறம் திருத்த முடியாது அண்ணி. ஒன்பது ஸ்லைடு முப்பத்தொண்ணு ஆயிடும். பார்க்கவே அசிங்கமா இருக்கும்."

"உனக்கு அசிங்கம் பெருசா, எங்க வேலை பெருசா தம்பி?"

முனகிக்கொண்டே செய்தான். என் கம்ப்யூட்டரில் முப்பத்தொன்றும் அழகாக வந்தன. நீலம், மஞ்சள், பச்சை, எல்லாம் தனித்தனியாக.

மறுநாள் காலை வாசல் செடிக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றினேன். பதினொரு மணிக்கு வந்தாள். மேலே ஏறாமல் படியிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"என்னம்மா ஆச்சு?"

"எல்லாம் தெரிஞ்சுது அக்கா. எதுவும் உருண்டு வரலையா, நான் காத்திருக்கவே இல்லை. என் பாட்டுக்குப் பேசிட்டேன். நடுவுல ஒருத்தர், அந்தப் பச்சைப் பையை மறுபடி காட்டுங்கன்னார். டக்குனு திரும்பிப் போய்க் காட்டினேன். ஒரு வருஷம் நீங்களே நடத்துங்கன்னு அங்கேயே சொல்லிட்டாங்க."

பெருமூச்சு விட்டாள். நானும் விட்டேன்.

நிபுணர் இப்போது மாடி முழுக்க 'என்னோட முப்பத்தொரு ஸ்லைடு டெக்னிக்' என்று சொல்லித் திரிகிறான். அவள் அதைக் கண்டுகொள்வதில்லை. அன்றைக்குப் படியில் உட்கார்ந்தபடியே ஏழு பேருக்கும் போன் போட ஆரம்பித்தாள். "நாளைக்கு எப்பவும் போல ஏழு மணிக்கு வந்துடுங்க" என்று அவள் சொன்னதை ஆறு தடவை கேட்டேன். ஏழாவது நம்பர் பிஸி. எதிரே செடித்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போகவில்லை, அந்த ஏழாவது ஆள் எடுக்கட்டும் என்று நின்றேன்.