அழித்த ஐந்து கட்டங்கள்

குளிர்பதன மெக்கானிக்கான அவனுக்கு 'ஆறு மாசம்' என்று பெயர் வைத்தவர் மனைவியின் அண்ணன். எந்த வேலையிலும் அவன் ஆறு மாதம் தாண்டமாட்டான் என்பது அவருடைய கணக்கு. உண்மையில் அது தப்புக் கணக்கு. முதல் கம்பெனியில் அவன் எட்டு வருடம் இருந்தான், கம்பெனிதான் நிலைக்கவில்லை. அதற்குப் பிந்திய நாலு வருடத்தில்தான் ஐந்து இடம். ஆனால் பட்டப்பெயரை யார் உட்கார்ந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

இப்போது ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் இருந்தான். சேர்ந்து நாலு மாதம். மழை பிடித்ததும் கடைசியாகச் சேர்ந்தவனை முதலில் வீட்டுக்கு அனுப்புவது அங்கே வருடம் தவறாமல் நடக்கிற காரியம். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. புறவழிச் சாலையில் இருந்த பெரிய குளிர்பதனக் கிடங்கில் ஆள் கேட்டிருந்தார்கள். நிரந்தர வேலை. அதை விட்டால் அவனுக்குத் தெரிந்து வேறு இடம் இல்லை.

மச்சான் ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பயோடேட்டாவைப் பார்த்தார்.

"மாப்ள, இது பயோடேட்டாவா, பஸ் டைம் டேபிளா?"

மனைவி கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். மாதத்துக்கு ஒரு கட்டம், வருடத்துக்கு ஒரு வரி என்று பென்சிலால் நிரப்பி வைத்திருந்தாள். பதினொன்று, ஐந்து, ஒன்பது, பதினாலு, நாலு. அவன் சும்மா இருந்த மாதங்கள் நடுநடுவே வெள்ளையாகக் கிடந்தன.

மச்சானின் விரல் அந்த ஐந்தின் மேல் போய் நின்றது. இதை ஏன் விட்டாய் என்று கேட்டார். அங்கே பிரஷர் மிஞ்சினால் திறக்கிற சேஃப்டி வால்வு அடிக்கடி திறந்துகொள்கிறது என்று அதைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்; அவிழ்க்கச் சொன்னேன், கேட்கவில்லை, வந்துவிட்டேன் என்றான். இதையெல்லாம் சொன்னால் எவனும் நம்பமாட்டான், சண்டைக்காரன் என்றுதான் எடுத்துக்கொள்வான் என்று மச்சான் முடித்துவிட்டார். ஐந்தைத் தூக்கிவிடு. முந்தியதில் இரண்டு மாதம் நீட்டு, பிந்தியதை மூன்று மாதம் முன்னால் இழு. பதிமூன்று, பன்னிரண்டு. பார்க்க லட்சணமாக இருக்கும்.

"பொய்யாச்சேண்ணே" என்றாள் அவள்.

"என்ன பொய்யி? ரெண்டு பக்கமும் இழுத்துத் தைக்கிறோம். கிழிசல் தெரியாது."

அவள் அவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான். மழை நினைவுக்கு வந்தது. ரப்பரை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

வியாழக்கிழமை கிடங்கின் இஞ்சினியர் அம்மா அவனை மேஜைக்கு முன்னால் உட்கார வைக்கவில்லை. பயோடேட்டாவைக் கையில் சுருட்டிக்கொண்டு நேரே மெஷின் அறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ஸ்க்ரூ கம்ப்ரசர். மற்ற இடங்களில் எல்லாம் அவன் பார்த்தது பிஸ்டன் வகை. இந்த ஸ்க்ரூ வகையைக் கழற்றி மாட்டியது ஒரே ஓர் இடத்தில், அந்த அழித்த ஐந்து மாதத்தில்.

"இந்த வகையில கை வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம்."

அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார். பதினைந்து நாளாக ஆயில் குறைந்துகொண்டே போகிறது, ஊற்றி மாளவில்லை, பார்த்தவர்களுக்கெல்லாம் புரியவில்லை என்றார்.

வாய் சொன்ன பொய் கைக்குத் தெரியாது. அது தானாகவே போய், பெரிய குழாய்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சுண்டுவிரல் பருமன் குழாயைத் தொட்டது. ஆயில் திரும்பி ஓடுகிற குழாய். வெதுவெதுப்பாக இருக்க வேண்டியது, சில்லென்று இருந்தது. உள்ளே ஃபில்டர் அடைத்திருக்கிறது.

"இல்லைன்னீங்க. கை மட்டும் எப்படி நேரா அங்க போச்சு?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். ஃபில்டரை, ஐந்து மாதத்தை, கம்பி போட்டுக் கட்டிய வால்வை. எந்தெந்தத் தேதி நிஜமில்லை என்று அந்த அம்மா கேட்க, தன் விரலாலேயே காட்டினான். அவர் பேனாவால் இரண்டு வட்டம் போட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

"அஞ்சு மாசம்னே எழுதியிருந்தா இன்னிக்கே சேத்திருப்பேன். ஏன் விட்டீங்கன்னு கேட்டிருப்பேன், வால்வு கதைய நம்பியும் இருப்பேன்."

"இப்பவும் அது நிஜந்தாங்க."

"இருக்கலாம். ஆனா இந்த அறையில இருக்கறவர் மணிக்கு ஒருதரம் பிரஷர் பாத்து நோட்டுல எழுதணும். அத நம்பித்தான் அந்தக் கதவுக்குப் பின்னால நாப்பது பேர் வேலை செய்யறாங்க. தேதிய மாத்தினவர் பிரஷர மாத்தமாட்டார்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

பயோடேட்டாவை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா ஃபிட்டரைக் கூப்பிட்டு அந்த ஃபில்டரைக் கழற்றச் சொன்னார். அவன் வாசலைத் தாண்டுவதற்குள், மெஷின் நிற்கும் சத்தம் கேட்டது. திறந்து பார்க்கப் போகிறார்கள். அடைப்பு அங்கேதான் இருக்கும். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டில் அவன் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே மனைவி தெரிந்துகொண்டாள். மச்சான்தான் போன் செய்து, என்ன ஆச்சு ஆறு மாசம் என்றார். நடந்ததைக் கேட்டுவிட்டு, கையைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கத் தெரியாதா, அடுத்த தடவை ஐஸ் ஃபேக்டரியையும் சேர்த்துத் தூக்கிவிடலாம் என்று யோசனை சொன்னார். அவன் போனை வைத்துவிட்டான்.

அவள் நோட்டை விரித்து, அந்த ஐந்து கட்டத்தையும் திரும்ப நிரப்பப் பார்த்தாள். ரப்பர் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் அங்கே நைந்திருந்தது. பென்சில் பிடிக்கவில்லை; அழுத்தியதில் கிழிந்தது. பக்கத்தைத் திருப்பிப் புதிதாக வரி போட்டு, பதினொன்றிலிருந்து தொடங்கினாள். இந்த மாதம் வரை வந்து பென்சிலை நிறுத்தினாள்.

"அடுத்த மாசத்துக்கு என்னங்க போடறது?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். காற்றில் மண் வாசம் இருந்தது, இந்த வருடம் முன்னாலேயே.

"காலியா விடு" என்றான்.