ஜேன் திரும்பிய பக்கம்

செலஸ்டினுக்கு மகளை எங்கேயும் அனுப்புகிற எண்ணமே இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொன்னால் ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற லயத்து சனம் முழுக்கச் சேர்ந்து அவளைத் தின்றுவிடும்.

எல்லாம் அந்த மாவட்டப் போட்டியால் வந்த வினை. ஆறாம் வகுப்பு முடிக்கப்போகிற ஜேன் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, இரண்டாவது பிள்ளை வந்து சேருவதற்குள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டாளாம். இந்தக் கதையைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் முகம்மது கவுஸ். மசாலாத் தூளும் கருவாடும் கைலியும் வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறவர். அவர் வாயில் ஒரு செய்தி விழுந்தால் சாயங்காலத்துக்குள் பாடாங் மேஹா ஊரையும் தாண்டிப் போய்விடும்.

"இந்தப் பிள்ளைய சும்மா விட்டா பாவம், தங்கச்சி" என்றார் கவுஸ், வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. "இப்பல்லாம் ஓட்டத்துக்குன்னே தனியா பயிற்சி நிலையம் நடத்துறாங்க. தங்க வச்சு, சாப்பாடு போட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புறாங்க. சுங்கைப்பட்டாணியில ஒண்ணு இருக்கு, கூலிம்ல ஒண்ணு இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்லா."

"பாப்போம் பாய்" என்றாள் செலஸ்டின். அவள் அகராதியில் 'பாப்போம்' என்றால் 'மாட்டேன்' என்று பொருள்.

ஆனால் அவள் புருஷன் பெர்னார்ட் அன்றைக்கே பறக்க ஆரம்பித்துவிட்டான். காலையில் மகளுக்கு இரண்டு அரைவேக்காட்டு முட்டை. மாலையில் ரப்பர் மரவெட்டு முடிந்து வந்து குளிக்கக்கூடச் செய்யாமல், லயத்து முனையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தக் கடிகாரத்தில் விநாடி முள் கிடையாது. அதனால் ஜேன் எங்கிருந்து எங்கே ஓடினாலும் ஒரு நிமிஷத்துக்குள் வந்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் பெர்னார்ட், "ஒரு நிமிஷம் கூட ஆகல!" என்று கத்துவான். லயத்து சனம் கை தட்டும்.

ஜேனுக்கும் போக ஆசை. ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு, "அம்மா, நான் போகட்டா? போகட்டா?" என்று காலை ஆட்டி ஆட்டிக் கேட்பாள். செலஸ்டின் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒற்றைப் பிள்ளை. பெர்னார்ட் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறவன். அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்று ஒன்று இருப்பதே ஜேனால்தான். அதைத் தூக்கிக் கூலிமில் கொடுத்துவிட்டு இவள் யாரோடு பேசுவது? அடுப்போடா?

ஆகவே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நேரில் போவது. குறை கண்டுபிடிப்பது. பாசார் மீன்கடையில் ஒரே மீனை மூன்று தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற பெண்பிள்ளைக்கு ஒரு பயிற்சி நிலையத்தில் குறை கண்டுபிடிப்பது பெரிய காரியமா?

சுங்கைப்பட்டாணியில் அவளுக்கு வேலையே இருக்கவில்லை.

அந்த நிலையத்துக்கு 'தங்கக்கால்' என்று பெயர். நாற்காலிக் கடைக்கு மேல்மாடி. வாசலில் தங்கச் சாயம் பூசிய ஒரு கால், முழங்கால் வரைக்கும், நின்றுகொண்டிருந்தது. பெர்னார்ட் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிடப் பார்த்தான். பளபளவென்று நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்து, சுவரில் ஒட்டிய படங்களைக் காட்டி, மூச்சு, நரம்பு, மனம் என்று விளக்கினார். மேல்மாடியில் எட்டுப் பிள்ளைகள் பாய்மேல் நின்ற இடத்திலேயே தொம் தொம்மென்று ஓடிக்கொண்டிருந்தார்கள். கீழே கடைக்காரன் ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்துக்கொண்டிருந்தான்.

"திடல் எங்க இருக்கு சார்?" என்று கேட்டாள் செலஸ்டின்.

"அது இரண்டாவது வருஷத்துல வரும்மா. முதல்ல மனசு ஓடணும்."

"கால்?"

"கால் தானா வரும்."

"எங்க பிள்ளைக்கு மனசு ஏற்கனவே ஓடுது சார். ராத்திரி முழுக்க ஓடுது. எங்களத் தூங்கவிட மாட்டேங்குது."

கவுஸ் சிரிப்பை அடக்க முடியாமல் படிக்கட்டில் இறங்கிப் போனார். பெர்னார்ட் மட்டும் அந்தத் தங்கக் காலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேனில் ஏறினான். செலஸ்டினுக்கு ஒரே குஷி. ஒன்று ஒழிந்தது. மிச்சம் ஒன்று.

இங்கே அவர்கள் தோட்டத்து ஓட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் சமதரை என்று இருந்தது மாரியம்மன் கோயிலைச் சுற்றித்தான். வருஷா வருஷம் தொழிலாளர் தினத்தில் பிள்ளைகள் அந்தக் கோயிலைச் சுற்றித்தான் ஓடுவார்கள். போட்டியை நடத்துகிறவர் கோயில் தலைவர் அய்யாவு. அவருடைய ஒரே சட்டம்: சாமியைச் சுற்றுகிறவன் நடந்தாலும் ஓடினாலும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். கோயில் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இடமாக ஒரு அடி வைத்தாலும் கைத்தடியோடு வந்துவிடுவார். மேட்டில் இருக்கிற அந்தோணியார் சிற்றாலயத்துக்குப் போகிற ஜேன் மாதிரி கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் அதே சட்டந்தான். ஜேன் நடக்கக் கற்றதிலிருந்து அப்படியே ஓடியவள். மாவட்டத்தில் அவள் ஓடிய நூறு மீட்டர் நேர்க்கோடு. அதில் திரும்புகிற வேலை வரவில்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

கூலிமில் பெயர்ப்பலகைகூட இல்லை. ஒரு பலகை வீடு, பின்னால் பெரிய திடல், நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி. நடத்துகிறவள் ஒரு பெண். புஷ்பவள்ளி டீச்சர் என்றார்கள். ஒரு காலத்தில் போலீஸ் பெண்கள் அணியில் ஓடியவளாம். நீளக் கால்சட்டை, கழுத்தில் விசில், பக்கத்து வீட்டு நாய்கூட மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்திருந்தது.

செலஸ்டின் நேரே சமையலறைக்குள் போனாள். பானையைத் திறந்து பார்த்தாள். சோறு குழையாமல் இருந்தது. பிள்ளைகள் படுக்கிற அறையில் ஜன்னலை ஆட்டிப் பார்த்தாள். கொக்கி கெட்டியாக இருந்தது. கக்கூசு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன, நல்லாயில்லியா?" என்றான் பெர்னார்ட்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் செலஸ்டின், யாரோ செத்த செய்தி சொல்வதுபோல.

இனி அவளுக்கு ஒரே நம்பிக்கைதான். ஓடிக் காட்டச் சொல்லி, பிடித்தால்தான் டீச்சர் எடுப்பாளாம். அன்றைக்கு ஆறு பிள்ளைகள் வந்திருந்தார்கள். இடம் இரண்டு. பெற்றோர்கள் வேலியோரம் நின்றார்கள். பட்டணத்துக்காரர்கள். ஒரு பிள்ளையின் அம்மா குடை பிடித்திருந்தாள். அந்தக் குடைக்குள் மகளுக்குக் குடிக்க ஒரு பாட்டில் மைலோவும் இருந்தது.

டீச்சர் பிள்ளைகளைத் தன் முன்னால் கூட்டமாக நிறுத்தினாள். "கோடு கீடு ஒண்ணும் கிடையாது. விசில் அடிச்சதும் நாலு கொடிக்கும் வெளிப்பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு வந்து என் கையத் தொடணும். அவ்வளவுதான்."

விசில் அடித்தது.

ஐந்து பிள்ளைகள் மைனாக் கூட்டம்போல ஒரு பக்கம் பறந்தன. ஜேன் இன்னொரு பக்கம் பறந்தாள்.

ஒரு நொடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு வேலியோரம் முழுக்கக் கூச்சல். "ஏய்! ஏய்! அந்தப் பக்கம் இல்ல!" டீச்சர் விசிலை வாயில் வைத்தாள்; ஊதவில்லை. பெர்னார்ட் மட்டும், "ஓடு கண்ணு! உனக்கு முன்னால ஒருத்தருமே இல்ல!" என்று துள்ளிக்கொண்டிருந்தான். அதுவும் உண்மைதான்.

எதிர்க்கோடியில் அவர்கள் சந்தித்தார்கள். ஐந்து பேர் வருகிற வழியில் ஜேன் தலையைக் குனிந்துகொண்டு நேரே வந்தாள். கூட்டம் கிழிந்தது. ஒருத்தி வீலென்று கத்தி உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி கொடிக் கம்பத்தைக் கட்டிப் பிடித்தாள். ரெட்டைச் சடை போட்ட ஒருத்திக்கு என்ன தோன்றியதோ, தான்தான் தப்பு என்று நினைத்துச் சட்டென்று திரும்பி ஜேன் பின்னாலேயே ஓட ஆரம்பித்தாள். குடைக்கார அம்மா, "அடியே, நீ ஏன்டி திரும்புற!" என்று குடையை வீசி எறிந்தாள்.

ஜேன் வந்து டீச்சர் கையைத் தொட்டபோது மற்றவர்கள் மூன்றாவது கொடியைக்கூடத் தாண்டவில்லை. ரெட்டைச் சடைக்காரி ஓட்டத்தை விட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நடந்து வந்தாள். டீச்சர் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. விசிலை ஊதப் பார்த்தாள். சிரிப்புத்தான் விசிலுக்குள் போய்க் கீச்சுக் கீச்சென்று வந்தது.

"இதெல்லாம் செல்லாது" என்றாள் குடைக்கார அம்மா. "தப்பான பக்கம் ஓடியிருக்கா. தோட்டத்துப் பிள்ளைக்கு என்னா தெரியும்?"

செலஸ்டினுக்கு அந்த இடத்தில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். மகள் தோற்றாள், வேனில் ஏறலாம். ஆனால் உச்சந்தலைக்கு ஏறியது வேறு ஏதோ.

"எந்தப் பக்கம் சுத்தினா என்னாங்க, தூரம் ஒண்ணுதானே? உங்க பிள்ளைங்க ஒருத்தரப் பாத்து ஒருத்தர் ஓடுதுங்க. எம் பிள்ள தனியா ஓடிச்சு."

"அக்கா, கொஞ்சம் இருங்க" என்று டீச்சர் எழுந்து வந்தாள். "பிள்ளைக்குக் கால் இருக்கு. ஆனா போட்டியில உலகம் பூரா இடப்பக்கம்தான் திரும்புவாங்க. இவ இப்படியே ஓடினா எதிர்ல வர்றவ மேல மோதிச் சாவா. எல்லாரும் மூச்சு வாங்கிக்கங்க. இன்னொரு தடவ ஓடலாம். ஜேன், இப்ப கொடி உன் இடக்கைப் பக்கம் இருக்கணும். சரியா?"

ஜேன் நகரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. அம்மாவிடம் ஓடிவந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இடமா சுத்தினா இழவு வீட்டுச் சுத்துன்னு அய்யாவு மாமா சொல்லியிருக்காரு. வீட்டுக்கு ஆகாதாம். உங்களுக்கோ அப்பாவுக்கோ ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

செலஸ்டின் மகளைப் பார்த்தாள். 'ஆமாம் கண்ணு, ஆகாது, வா போலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும். இன்றைக்கு ராத்திரி பாயில் அந்தக் கால் ஆடும். நாளைக்கும் ஆடும். உள்ளபடியே அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. கழுத்தில் சிலுவை கிடந்தாலும் வளர்ந்தது அந்தக் கோயிலைச் சுற்றித்தானே. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஜேனின் கால் கட்டைவிரல் புல்லுக்குள் புதைந்து புதைந்து எழுந்துகொண்டிருந்தது. பயந்த முகத்துக்குக் கீழே கால் மட்டும் ஓடத் தயாராக நின்றது.

"இங்க எங்கடி சாமி இருக்கு?" என்றாள் செலஸ்டின். "நாலு கொடியும் நடுவுல ரெண்டு மாடும்தான் இருக்கு. மாட்டுக்கு வலமும் இல்ல இடமும் இல்ல. இப்ப பாரு."

சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள். செருப்பை உதறினாள். கொடியை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள். ஓட்டம் என்று சொல்வதற்கு இல்லை. வாத்து அவசரமாகக் கோயிலுக்குப் போகிற மாதிரி இருந்தது. வேலியோரம் சிரிப்பு வெடித்தது. பெர்னார்ட் அவள் பின்னாலேயே கிளம்பிவிட்டான், ஒரு கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு. மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

"எனக்குப் பிள்ள மட்டும் போதும்லா! குடும்பம் முழுக்க வேணாம்!" என்று கத்தினாள் டீச்சர்.

செலஸ்டின் நான்காவது கொடியையும் தாண்டி மூச்சு முட்ட வந்து நின்று, தன் கை காலை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். "பாத்தியா? ஒண்ணும் ஆகல. உங்கப்பாவும் இருக்காரு. போ, ஓடு."

ஜேன் ஓடினாள். வலமாகவே திரும்பிப் பழகிய உடம்பு; ஒவ்வொரு கொடியிலும் வளைய மாட்டாமல் வெளியே வீசியடித்தது. இரண்டாவது கொடியில் வேலிவரைக்கும் போய்விட்டு வந்தாள். மூன்றாவதில் மாட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மற்றவர்களைவிட எவ்வளவோ அதிக தூரம் ஓடி, மூன்றாவதாக வந்து டீச்சர் கையைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் டீச்சரே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"திரும்பறதுக்கு நான் சொல்லித் தர்றேன்" என்றாள் டீச்சர், கையை உதறிக்கொண்டு. "காலு இருக்கே, அத யாரும் சொல்லித் தர முடியாது. சனவரியில கொண்டாந்து விடுங்கக்கா."

"பாப்போம்" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. செலஸ்டின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல. கொண்டாந்து விடுறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். பானையத் திறந்து பாப்பேன்."

"திறந்து பாருங்கக்கா."

திரும்பி வருகிற வழியெல்லாம் வேனில் ஒருவர் மாற்றி ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் உட்கார்ந்தபடியே வாத்துபோல ஆடிக் காட்டுவது. ஜேன் அம்மாவின் மடியில் காலைப் போட்டு ஆட்டிக்கொண்டு வந்தாள். செலஸ்டின் அந்தக் காலைப் பிடித்து நிறுத்தவில்லை. இன்னும் எத்தனை ராத்திரி என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். அதற்குள் பெர்னார்ட் தூக்கத்தில், "ஒரு நிமிஷம் கூட ஆகல" என்று உளறினான். திரும்பவும் சிரிப்பு.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் கோயில் வந்தது. வேன் திரும்புவதற்கு அதைச் சுற்றித்தான் ஆகவேண்டும்.

"பாய்" என்றாள் செலஸ்டின், "இன்னிக்கு ஒரு தடவ இடப்பக்கமா சுத்துங்களேன். பிள்ளைக்குப் பழகட்டும்."

"அடோய், என் வியாபாரத்துல மண்ணப் போடாத தங்கச்சி. அய்யாவு அண்ணன் வாசல்லயே நிக்கிறாரு பாரு."

உண்மையாகவே நின்றார், கைத்தடியோடு. கவுஸ் மரியாதையாகக் கோயிலை வலமாகச் சுற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, வண்டியை மேட்டுக்கு ஏற்றினார். அங்கே தனியாக அந்தோணியார் சிற்றாலயம் நின்றது. அதை இடக்கைப் பக்கம் வைத்து, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றினார். ஜேன் ஓடும் வேனிலிருந்து குதிக்காத குறையாகக் கத்தினாள். "நிறுத்துங்க பாய், நான் ஓடுறேன்!"

இறங்கி ஓடினாள். ஹாரன் கேட்டு மசாலா வேன் வந்துவிட்டது என்று கிண்ணத்தோடு ஓடிவந்த பெண்கள் திகைத்து நின்றார்கள். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஜேனுக்குப் பின்னால் இடமாகச் சுற்ற ஆரம்பித்தன; பழக்கமில்லாத வளைவில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து புல்லில் உருண்டன, எழுந்து திரும்பவும் ஓடின. கீழே கோயில் வாசலிலிருந்து அய்யாவு கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"இது எங்க கோயிலுங்க மாமா!" என்று மேட்டிலிருந்து கத்தினாள் செலஸ்டின். "அந்தோணியார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு!"

அய்யாவு கைத்தடியை உயர்த்தி, "அப்படின்னா அந்தப் பிள்ளைய வளைவுல உள்பக்கமா சாயச் சொல்லு!" என்று பதிலுக்குக் கத்தினார்.