எதிர்த்துப் பேசக்கூடாது

இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கிறதாம். என் வீட்டுக்காரருக்குத்தான். கூடவே நிமோனியா, சர்க்கரை. எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"இப்பவே ஆபரேஷன் பண்ணினா நுரையீரல் தாங்காது. தள்ளிப்போட்டா குழாய் வெடிக்கலாம்," என்றார் சர்ஜன். "சளி குறையற வரைக்கும் பிரஷரை ஏறவிடாம காத்திருப்போம். அவர்கிட்ட யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது."

கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னார். யார் போட்டுக்கொடுத்தார்களோ.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் எவனுக்கும் ஓட்டத் தெரியாது என்பது அவர் கட்சி. அவருக்கே தெரியாது என்பது என் கட்சி. இதை வைத்துத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம்.

கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"இந்த ஆஸ்பத்திரி சரியில்ல."

"ஆமாங்க."

"உன் தம்பி ஒரு உதவாக்கரை."

"ஆமாங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அன்னைக்குக் காரைச் சுவத்துல மோதினது நீதான்."

மோதியது அவர். பல்லைக் கடித்துக்கொண்டு, "நான்தாங்க," என்றேன்.

மானிட்டர் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு? நான் பொழைக்க மாட்டேனா?" என்று அவர் என் கையைப் பிடித்தார்.

"ரிவர்ஸ்ல போய் சுவத்தை இடிச்சுட்டு, பழியை என் தலையில கட்டிட்டுப் போயிடலாம்னு பாக்கறீங்களா?"

நிம்மதியாக மூச்சு விட்டார். எண்கள் இறங்கின. நர்ஸ் மருந்தைக் கூட்டியதாலும் இருக்கலாம், ஆனால் பெருமையை நான் எடுத்துக்கொண்டேன். "அப்படியே திட்டிக்கிட்டே இருங்கம்மா," என்று சர்ஜனே சொல்லிவிட்டார். நானும் பொறுப்பாகச் செய்தேன்.

சளி பாதிகூடக் குறையவில்லை. அதற்குள் கிழிசல் நீண்டு, சிறுநீரகத்துக்கு ரத்தம் போவது தடைபட்டது. இனி காத்திருந்தால் அதுவே ஆபத்து என்று ஸ்ட்ரெச்சரை வரவழைத்தார்கள்.

தியேட்டர் வாசல்வரை கூடவே நடந்தேன்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார். மறுபடி பயம் ஏறுவது கண்ணில் தெரிந்தது. உடனே ஏதாவது குறை சொல்லியாக வேண்டும். தலையைப் பார்த்தேன், மழித்த மார்பைப் பார்த்தேன், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்தேன். அந்த மனுஷனிடம் ஒரு குறையும் கிடைக்கவில்லை.

"உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்?" என்று பொய் சொன்னேன்.

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.