நெட்டைக் கண்டென்சர்

இருபத்திரண்டு வருஷமாக அவள் தன் அண்ணனை "யானை" என்றுதான் கூப்பிடுகிறாள். பட்டம் கொடுத்தவளும் அவளேதான். கிட்டார்காரர்கள் காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற பெடல் பெட்டிகளைச் செய்வது அவள் தொழில். அவள் செய்த முதல் பெட்டியை மேடையில் அவன் மிதித்த லட்சணத்துக்குக் கிடைத்த பட்டம் அது. சொந்தக்காரர்கள் கூடினால் அந்தக் கதையை ஒரு தடவையாவது எடுத்துவிடாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

இன்று காலை அதே பெட்டியை அண்ணன் மகள் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். அப்பாவின் பழைய சாமான்களில் கிடைத்ததாம்.

"சுவிட்ச் மட்டும் மாத்திக் குடுங்க அத்தை. இனிமே இது எனக்கு."

"உங்கப்பா மிதிச்ச மிதிக்கு இது இன்னும் உயிரோட இருக்கே, அதுவே பெரிசு," என்று அத்தை ஆரம்பித்தாள். முழுக்கதையும் ஓடியது. சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுச் சிரித்தபடியே போனாள் பெண்.

உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. அதைத் தொட்டதும் அவள் மனசு பழைய வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஓடிவிட்டது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு இருபத்தொன்று. வாங்க முடிந்த பெட்டியோ குட்டி, உள்ளே சர்க்யூட் போர்டில் நிறுத்தக் கையில் இருந்த கண்டென்சர் உருளையோ நெட்டை. பெட்டியின் அடிப்பக்கத் தகர மூடியைப் போட்டால் அதன் தலை இடிக்குமா என்று பார்க்க இருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அண்ணன் சூயிங்கம் மென்று கொடுப்பான். அவள் அதை உருட்டி நெட்டையன் தலையில் வைத்து மூடியை முடுக்குவாள். திறந்தால், நசுங்கின சூயிங்கம் எவ்வளவு கனமோ அவ்வளவுதான் இடைவெளி. ஒவ்வொரு சோதனைக்கும் புதுசு வேண்டும் என்று அவன் அடம்பிடிப்பான். அந்த மேசையில் சிரித்த சிரிப்பை அதற்கப்புறம் அவள் எங்கேயும் சிரித்ததில்லை.

இந்தப் பெட்டியைச் சோதித்த அன்றைக்கு சூயிங்கம் காகிதக் கனம்தான் இருந்தது.

"படுக்க வெச்சிடேன். அதோட கம்பிக் காலை வளைச்சு சாய்ச்சா முடிஞ்சுது," என்றான் அண்ணன்.

"படுக்க வெச்சா போர்டு அசிங்கமா இருக்கும். இடிக்கல இல்ல? போதும்."

மூடின பெட்டிக்குள் எட்டிப் பார்த்து யார் அழகுக்கு மார்க் போடப் போகிறார்கள்? ஆனால் அவள் பிடித்தால் பிடித்ததுதான்.

அண்ணனின் இசைக்குழு மேடை ஏறியபோது முதல் இரண்டு பாட்டுக்குப் பெட்டி தேனாகப் பாடியது. அண்ணன் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. முன்னால் நகர்ந்து, பெட்டியைக் கீழே ஓடிய ஒயர்களின் மேலேயே வைத்து மிதித்தான். கிட்டார் ஊமையாகிவிட்டது. தூக்கித் தட்டினால் பாடும், வைத்து மிதித்தால் போய்விடும். கூட்டம் சிரித்தது. வீட்டு மேசையில் வைத்துப் பார்த்தாள், ஒரு கோளாறும் இல்லை.

"யானை மாதிரி மிதிச்சா எந்தப் பெட்டி தாங்கும்?" என்று குழுவில் எல்லார் எதிரிலும் சொன்னாள். தனி வாசிப்பு வேறொருவனுக்குப் போனது. ஒரு வருஷம் அண்ணன் பின்வரிசையில் நின்றான்.

அப்புறம் அந்தப் பெட்டி ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. "பாத்தியா, மெதுவா மிதிச்சா ஒண்ணும் ஆகாது," என்றாள். "ஆமாம் தாயே," என்றான். மேடை ஏறிய அந்த வாரமே மூன்று கிட்டார்காரர்கள் அவளிடம் பெட்டி கேட்டிருந்தார்கள். "இதுக்கெல்லாம் உயரமான பெட்டியா போடு. என்னை மாதிரி யானைங்க நிறைய உண்டு," என்று அவனே கடை கடையாக அலைந்து வாங்கி வந்தான். அந்த மூன்றில் தொடங்கியதுதான் இந்தப் பட்டறை.

அவள் ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் திருப்பினாள். உள்பக்கம் வட்டமாக வெட்டிய சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அவள் ஒட்டியதில்லை. நகத்தால் நெம்பியதும் காய்ந்த ரப்பர் பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில், தகரத்தில் தேய்ந்த ஒரு வளையம். நெட்டையன் தலையின் அதே அளவு.

மிதிக்கும்போது ஒயர் அடியிலிருந்து தகரத்தை உள்ளே தள்ளியிருக்கிறது. மூடி நெட்டையன் தலையைத் தொட்டதும் ஷார்ட் ஆகிச் சத்தம் செத்திருக்கிறது. மிதித்த காலில் குற்றமில்லை. அண்ணன் அந்த வாரமே திறந்து பார்த்து, ரப்பர் ஒட்டி, மூடியோடு வாயையும் மூடிக்கொண்டிருக்கிறான். பெட்டியில்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் அந்த மூன்று பேரும் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

புது ரப்பர் ஒட்டி மூடிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. காலையில் சிரித்துவிட்டுப் போன பெண்ணிடம் எந்த முகத்தோடு சொல்வது?

சால்டர் ஈயத்தை உருக்கி நெட்டையனைக் கழற்றினாள். காலை வளைத்துப் படுக்க வைத்தாள். மென்று கொடுக்க ஆள் இல்லாததால் தானே ஒரு சூயிங்கத்தை மென்று வைத்து மூடித் திறந்தாள். விரல் கனம் இருந்தது. புது சுவிட்சைப் பொருத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

"அண்ணா..."

"என்னடி, அண்ணாங்கிற? யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினான் யானை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. மூடியைத் திறந்து பாத்தேன். நீ அன்னிக்கே சொன்ன மாதிரி படுக்க வெச்சுட்டேண்ணா. சாயங்காலம் உன் பொண்ணு வருவா. நீயும் கூட வா. அவகிட்ட கதையை நான் மாத்திச் சொல்லணும்."