வெள்ளிக்கிழமைகளில் வெறும் கதவு

வெள்ளிக்கிழமை மதியம், தெருவில் ஆள் நடமாட்டம் குறையும் நேரம் பார்த்து, கட்டடத்தின் வாசற்கதவில் ஒட்டியிருந்த என் கணவரின் இரங்கல் தாளை உரித்தேன். மேல் மூலைகள் இரண்டையும் நகத்தால் கிளப்பிவிட்டால் மீதி தானாக வந்துவிடும். மூன்றாவது வாரம் என்பதால் கை பழகியிருந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் லியூபென் டை கட்டிக்கொண்டு விறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் அவருக்கே பிடிக்காது. சுருட்டினால் மடிப்பு விழுமென்று கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டு, கடையில் திருடியவளைப் போல மாடியேறினேன்.

எங்கள் சோபியா நகரத்தில் சாவு முதலில் கதவில்தான் தெரியும். நாற்பது நாள் வரை அந்தத் தாள் அங்கே இருக்க வேண்டும். கடந்து போகிறவர்கள் நின்று, பெயரைப் படித்து, சிலுவை போட்டுவிட்டுப் போவார்கள். தொலைபேசியை நம்பாதவர்கள்கூடக் கதவை நம்புவார்கள்.

ஆனால் லியூபெனின் அறையை வார இறுதிப் பயணிகளுக்கு விட்டிருந்தோம். அவருடைய வைத்தியம் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. குளிர்காலம் வாசலில் நின்றது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் மகள் ரலிட்சா அங்கிருந்தே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாள். முதலில் வந்தவர்கள் அறையைப் புகழ்ந்துவிட்டு, வாசலில் செத்தவர் முகம் முறைக்கிறது, பிள்ளைகள் பயந்துவிட்டார்கள் என்று அறை பதிவு செய்யும் இணையதளத்தில் எழுதிவிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒட்டிடும்மா," என்றாள் ரலிட்சா. "அப்பா கோச்சுக்க மாட்டார்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லைதான். கீழ்வீட்டு வெலா கோபித்துக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் தாளைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தபோது குப்பை வாளியோடு வந்து நின்றாள்.

"ஏம்மா நெவெனா, உன் புருஷன் சனி ஞாயிறுல எந்திரிச்சு உலாத்தப் போயிடுறாரோ? கல்லறையில லீவு விடுறாங்களா?"

கதவையே பார்த்துக்கொண்டு ஒட்டுநாடாவைத் தேய்த்தேன். தேவைக்கு மேல் தேய்த்தேன்.

அந்த வாரம் வந்தவர்கள் டப்ளினிலிருந்து ஓர் இளம் ஜோடி. நல்ல பிள்ளைகள், மரப்படி கீறாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சனிக்கிழமை காலை அவர்கள் குளித்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் ஒரு கூச்சல் கேட்டது.

"டேய் லியூபென்! எந்திரிச்சு வாடா கிழட்டுக் கழுதை! உன்னைப் புதைச்சாச்சுன்னு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் அடிச்சுச் சொல்றான்டா!"

மெத்தோதி. ரயில் பட்டறையில் லியூபெனோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் வ்ராட்சாவுக்குப் போய்விட்டார். அவருடைய எண் மாறிவிட்டதால் சாவுக்குச் சொல்ல முடியவில்லை. கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். கையில் ஒரு போத்தல் ரக்கியா, பழச்சாராயம்.

"வழியெல்லாம் அழுதுட்டே வந்தேன் நெவெனா, சொன்னா சிரிப்பே. கீழ வந்து கதவைப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு! அங்கேயே சிலுவை போட்டுட்டு, திரும்பிப் போய் இதை வாங்கிட்டு வர்றேன். எங்க அவன்? கக்கூஸ்லயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் லியூபெனின் அறை திறந்தது. ஈரத் தலையோடு அந்தப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலில் அவர்கள் கொண்டுவந்த சோபியா வரைபடம் விரிந்து கிடந்தது.

"யாரு இவங்க?"

"விருந்தாளிங்க. சனி ஞாயிறு ஊர் பாக்க வந்தவங்க."

"அப்ப லியூபெனை எங்க படுக்க வெச்சிருக்கே?"

"கல்லறையிலதான், மெத்தோதி," என்றேன். "அஞ்சு வாரம் ஆச்சு."

அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

"கதவுல..."

"நான்தான் எடுத்து வெச்சேன். இவங்க பயப்படுறாங்கன்னு."

தொப்பியைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் விருந்தாளிகளின் காலணிகள் மேலேயே வைத்தார். "அப்ப வழியில அழுதது சரிதான்," என்றார். "வாங்கிட்டு வந்ததுதான் தப்பு."

அதைச் சொன்னதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

சமையலறையில் உட்கார்ந்தோம். ரக்கியா வாசனைக்கு அந்தப் பிள்ளைகளும் வந்து தயங்கி நின்றார்கள்; காலையிலேயே குடிப்பதை எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. மெத்தோதி அவர்களுக்கும் ஊற்றினார். வீடு தேடி வந்தவர்களுக்கு இல்லையென்று சொல்கிற ஆள் இல்லை அவர். பிறகு தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"முதல்ல போனவனுக்கு," என்று தரையில் சாய்த்தார். செத்தவர் பங்கு தரைக்குத்தான்; நாங்கள் குடிக்கும் முன் அதை ஊற்றிவிட வேண்டும். நிறையவே சாய்த்தார்.

அந்தப் பெண் பதறிவிட்டாள். கிழவருக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்திருப்பாள். "பரவாயில்ல, பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்," என்று தன் மொழியில் சொல்லிக்கொண்டே பையிலிருந்து காகிதக் கைக்குட்டைகளை எடுத்து, அவர் காலருகே மண்டியிட்டாள். மெத்தோதி என்னைப் பார்த்தார். 'விடு' என்பதற்கு அவள் மொழியில் ஒரு சொல் எனக்குத் தெரியும். அது என் வாய்வரை வந்தது. அவளோ ஓடுகளின் இடுக்கில் ஊறியதைக்கூட விடாமல், மடித்த காகிதத்தை விரலால் அழுத்தி அழுத்தி, அவ்வளவு அக்கறையாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.