கொடியேற்றத்துக்குப் பிறகு ஒரு பம்ப்

"அன்ரி, எனக்குக் குடிக்கத் தண்ணி வேணும்."

இதைக் கேட்கக்கூடாது என்று அம்மா எனக்கு எட்டு வயதிலேயே சொல்லி வைத்திருந்தா. அந்த மாதிரி வீடுகளுக்குப் போனால் தண்ணி மட்டும் கேட்காதை, தருவினம், ஆனால் எதிலை தருகினம் எண்டு பார்த்து உனக்குத்தான் விசர் வரும். அன்று காலையும் கடற்கரைக் குருநகரிலிருந்து வெளிக்கிடும்போது என் பையில் தண்ணீர்ப் போத்தலைத் திணித்து விட்டவ அவதான். அதைச் சிவதர்ஷன் வாய் வைத்துக் குடித்து முடித்துவிட்டார்.

சிவதர்ஷன், நான் வருகிற திங்கட்கிழமை கலியாணப் பதிவு செய்ய இருந்த ஆள். கம்பசில் ஒரே பற்ச், ஒரே மின்னியல் துறை. என் பட்டத்தை அப்பா சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார், எங்கள் வீட்டில் அதுதான் முதல் பட்டம். தர்ஷன் வீட்டில் எல்லாரிடமும் ஒன்று இருக்கிறது. வட்டுக்கோட்டையில் மாடி வீடும் அதற்குப் பின்னால் நீச்சல் தடாகமும்கூட இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான். அவருடைய அம்மா மகாதேவிக்கு எங்கள் விசயம் தெரியாது.

"முதலிலை நீர் வந்து தடாகத்துக்குப் புதுப் பம்பைப் பூட்டித் தாரும்," என்று தர்ஷன் சொல்லியிருந்தார். "அது ஓடத் தொடங்கினோடனை அம்மாவிட்டைச் சொல்லுறன். சந்தோசமா இருக்கிற நேரமாப் பார்த்துச் சொல்ல வேணும்."

பம்பை நம்பிச் சம்பந்தம் பேசின முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். அப்படியும் வந்தேன்.

பழையது நின்றுபோனதில் அதிசயமில்லை. அது தடாகத்துப் பம்பே இல்லை. முந்தியது எரிந்தபோது, தர்ஷனின் மாமா வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிற மோட்டரைத் தோட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார். எங்கை இருந்தாலும் இழுக்கிறது தண்ணிதானே என்று. குப்பையைப் பிடிக்கிற கூடை அதற்குக் கிடையாது. வேப்பம்பூவும் தலைமயிரும் நேரே உள்ளே போய், எங்கள் தண்ணீரின் சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகிக் கிடந்தன. உளி வைத்துத்தான் கழற்றினேன்.

நல்லூர்க் கோயிலில் கொடியேறிவிட்டது. திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து தர்ஷனின் அக்கா குடும்பம் நாளைக்கு வருகிறது. பாசியைச் சுரண்டி, பவுசர் லொறிகளில் புதுத்தண்ணி கொண்டுவந்து நிரப்பி வைத்திருந்தார்கள். அந்த ஒழுங்கையில் மற்றக் கிணறுகளில் வாளி தரை தட்டுகிற காலம்.

நான் கேட்ட தண்ணீரை மகாதேவி காகிதக் கப்பில் கொண்டுவந்தா. கப்பில் ஒரு கரடி தொப்பி போட்டுப் பலூன் பிடித்துக்கொண்டு நின்றது. போன முறை வந்த பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் மிஞ்சியதாம். குசினி யன்னலில் கண்ணாடிக் கிளாசுகள் ஒரு தட்டு நிறையக் கவிழ்த்து வைத்திருந்தன.

"குடிச்சிட்டு அந்த வாளிக்கை போட்டிடும் பிள்ளை. கொடியேறினதோடை நாங்கள் சுத்த சைவம். மச்சம் புழங்கிற ஆக்களெண்டால் கொஞ்சம் கவனம்."

"நான் இண்டைக்கு இடியப்பமும் சம்பலும்தான் சாப்பிட்டனான், அன்ரி."

"நீர் சாப்பிட்டிருப்பீர். வீட்டுச் சட்டி?"

நான் தர்ஷனைப் பார்த்தேன். அவர் புதுப் பம்பில் ஒட்டியிருந்த கொம்பனிச் சீட்டைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

பூட்டி முடித்து ஓடவிட்டால், தண்ணி இழுக்கவில்லை.

"அடிச் சல்லடைக்குள்ளை அடைப்பு. ஆராவது இறங்க வேணும்," என்றேன்.

"எனக்கு நீந்தத் தெரியாதெண்டு உமக்குத் தெரியும்தானே."

"வீட்டிலை பூல் வைச்சிருக்கிறீர்."

"அது அக்கான்ரை பிள்ளையளுக்கு."

மெயின் சுவிச்சை நிப்பாட்டிவிட்டு, போட்டிருந்த உடுப்போடு இறங்கினேன். குருநகரில் பிறந்த ஆளுக்கு அது ஒரு ஆழமா. சல்லடையைக் கழற்றிக் குழாய்க்குள் கை விட்டதில் ஒரு பிய்ந்த பலூன் வந்தது. கரடி வைத்திருந்த அதே நிறம். ஏறி வந்து சுவிச்சைப் போட்டேன். பம்ப் ஓடியது. பக்கத்தில் நின்று கதைத்தால் கேட்கிற அளவு சத்தம்தான்.

"ஓடுது," என்றேன்.

"ஓம்," என்றார் தர்ஷன். எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியும். தலையைத் தடவிக்கொண்டு குசினிக்குள் போனார். யன்னல் திறந்திருந்தது.

"அவள் உதுக்குள்ளை இறங்கினவளே?"

"அடைப்பு எடுக்க, அம்மா."

"நாளைக்குப் பிள்ளையள் அதிலை குளிச்சிட்டு நல்லூருக்குப் போகவேணும். எல்லாத்தையும் விட்டிட்டுப் புதுசா நிரப்பு."

"அவ்வளவு தண்ணியையுமோ?"

"பவுசர்க்காரன் வருவான்தானே. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை."

தர்ஷன் தேத்தண்ணி உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வெளியே வந்தார்.

"சொன்னனீரோ?"

"கொடி இறங்கட்டும், கௌரி. அக்கா வாற நேரத்திலை வீண் பிரச்சினை. திங்கள் பதிவைச் செய்வம், சொல்லுறதை ஆறுதலாச் சொல்லுவம்." பம்புக்குப் பக்கத்தில், தண்ணியை வடிக்கிற தாங்கியைப் பார்த்தார். "இந்தத் தண்ணியை வெளியிலை விடுறதெண்டால் இந்தக் கைபிடியை எந்தப் பக்கம் திருப்ப வேணும்?"

"ஏன் விட?"

"குளோரின் கூடிப் போச்சாம்."

"இன்னும் குளோரின் போடேல்லை."

கையைக் கைபிடியில் வைத்துக்கொண்டு என்னுடைய பதிலுக்காக நின்றார். அவரும் மின்னியல்தான் படித்தவர். குறிப்பெல்லாம் என்னுடையதைப் பார்த்து எழுதினவர்.

"முதல் மோட்டரை நிப்பாட்டும்," என்றேன். "ஓடேக்கை திருப்பினால் உள்ளுக்கை உடைஞ்சிடும். அமத்திப்போட்டு, வேஸ்ற் எண்டு எழுதியிருக்கிற பக்கம் திருப்பும். பிறகு மோட்டரைப் போடும். அடி தெரியேக்கை நிப்பாட்டும், காத்து இழுத்தால் புதுப் பம்பும் எரிஞ்சு போம்."

ஒவ்வொன்றாகச் செய்தார். பிழை விடவில்லை. பின்மதிலுக்கு வெளியே ஒழுங்கையில் தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. திங்கட்கிழமை அவர் தனியப் போய் நிற்கலாம் என்பது அந்தக் கைபிடி திரும்பினபோதே முடிந்த விசயம்.

உளியையும் சாவிகளையும் பையில் போட்டேன். வெறும் போத்தலையும் எடுத்துக்கொண்டேன்.

"திங்கள் ஐடென்ரிக் காட்டை மறக்காதேயும்," என்றார், தடாகத்தைப் பார்த்தபடி.

"நான் வரேல்லை, தர்ஷன்."

"என்ன?" என்றார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டு வர அவரால் முடியாது, நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

காலையில் என்னைப் பின்கேற்றால் கூட்டிவந்தவர்கள். போகும்போது குசினிக்குள்ளால் போனேன். கவிழ்த்து வைத்த கிளாசுகளைத் தாண்டி, சாப்பாட்டு மேசையைத் தாண்டி, கழுவித் துடைத்த மாபிள் நிலத்தில் உடுப்பிலிருந்து தண்ணி சொட்டச் சொட்ட நடந்தேன். விறாந்தையில் மகாதேவி பூக் கோத்துக்கொண்டிருந்தா.

"பிள்ளை, ஈரம். எல்லா இடமும் ஈரம்."

"ஓம் அன்ரி. எப்பிடியும் கழுவத்தானே போறியள்."

முன்கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்தேன்.